'ஏர்லைன் அப்ரூவ்ட்' துப்பாக்கிப் பெட்டி: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கோலாலம்பூரில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போய்வருகிறவர்கள் கவனத்துக்கு. துப்பாக்கியை விமானத்தில் கொண்டுபோக, 'ஏர்லைன் அப்ரூவ்ட்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பிளாஸ்டிக் பெட்டியை இங்கே ஒரு கடை நல்ல விலைக்கு விற்கிறது. அந்தப் பெட்டியை கேஎல்ஐஏ விமான நிலைய செக்-இன் கவுண்டரில் ஏற்க மறுத்துவிட்டார்கள். கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்டால், "பூட்டு மாட்டி யூஸ் பண்ணிட்டீங்க, எடுக்க மாட்டோம் அண்ணே" என்று கைவிரிக்கிறார்கள்.

துப்பாக்கிப் பெட்டிக்கு இப்படி அங்கீகாரம் தரும் அமைப்பே கிடையாது. விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஐயாட்டாவும் தருவதில்லை, அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையான டிஎஸ்ஏவும் தருவதில்லை. டிஎஸ்ஏ பெயர் இருப்பது பூட்டில்தான். அதிகாரிகள் மாஸ்டர் சாவி போட்டுத் திறக்கலாம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்தச் சாவிகளின் படம் 2014இல் பத்திரிகையில் வெளியாகி, அடுத்த ஆண்டே 3டி பிரிண்டரில் சாவி செய்யும் வரைபடம் இணையத்தில் பரவியது. துப்பாக்கிக்கு அதைப் போய் நம்ப வேண்டாம்; சாதாரண நல்ல இரும்புப் பூட்டே போதும்.

பெட்டியில் என்ன கோளாறு என்றால், பூட்டுத் துளை நடுவில் ஒன்றுதான். அதில் பூட்டை மாட்டிவிட்டு ஒரு மூலையைக் கட்டைவிரலால் நெம்பினால் மெல்லிய மூடி வளைந்து கொடுக்கிறது. பிஸ்டலின் கைப்பிடி கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டு விரலும் உள்ளே போகிறது. பூட்டிய பெட்டிக்குள் கை போகக்கூடாது என்பதுதான் விதியின் உயிர்நாடி. பின்பக்கமும் இதே கதைதான். கீல் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, ஓர் ஆணியால் தட்டினால் கழன்று வந்துவிடும்.

ஆகவே பூட்டுகளைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். மூலைகளுக்கு அருகே துளைகள் இருக்க வேண்டும். எல்லாத் துளையிலும் பூட்டு மாட்டி, நான்கு மூலையையும் இழுத்துப் பாருங்கள். துப்பாக்கியோடு வந்த கம்பெனிப் பெட்டியும் பல நேரம் இந்தச் சோதனையில் தேறாது. உள்ளிருக்கும் ஸ்பாஞ்ச் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துப்பாக்கியை வாரக்கணக்கில் அதிலேயே விட்டால் துரு ஏறும். பயணத்துக்கு மட்டும் அதில் வையுங்கள்.

பெட்டியோடு இலவசமாக வரும் அறிவுரை இன்னும் ஆபத்தானது. "ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்க" என்கிறார்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். உரிமம் வேண்டும்; நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் அனுமதி வேண்டும். தாளில் உள்ள சீரியல் நம்பரும் துப்பாக்கியில் பொறித்ததும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. "சிலிண்டர்ல வெறும் காத்துதானே" என்பதும் பொய். ஏர் பிஸ்டலில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பிய சிலிண்டர் ஆபத்தான சரக்கு; ஐ.நா. பட்டியலில் அதன் எண் யுஎன் 1002. அதைக் கழற்றி, கம்பெனி கொடுத்த காற்று வெளியேற்றும் திருகை வைத்து முழுக்கக் காலி செய்து, தனியாக வையுங்கள். போட்டி நடக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

பாயிண்ட் 22 (.22 அங்குலத் தோட்டா போடும் துப்பாக்கி) சுடுகிறவர்களுக்கு: தோட்டா, பொதியோடு சேர்த்து ஆளுக்கு 5 கிலோதான். இருவர் பங்கை ஒரே பெட்டியில் சேர்க்க முடியாது. விமானக் கம்பெனி இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம், ஆகவே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பயணத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்காதீர்கள். வழியில் மாறும் ஊரில் லக்கேஜை எடுத்து மறுபடி போட வேண்டி வந்தால், அந்த நாட்டுக்குள் ஆயுதத்தோடு நுழைந்ததாகிவிடும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில நாடுகள் டிரான்சிட்டுக்கே முன் அனுமதி கேட்கும்.

ஏற்கெனவே அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் சும்மா விட வேண்டாம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, மூலையை நெம்பிய படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை அங்கே 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வக்கீல் தேவையில்லை. கடை அந்த விளம்பரத்தை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டை இன்றே எடுத்துவிடுங்கள்.