சாயக் கழிவு கொட்டிய காட்டுக்கு டி.டி.எஸ். பேனா போதுமா?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டும் கருவி), சாயப்பட்டறைச் சேறு கொட்டிக் கிடந்த காடுகளை (விளைநிலங்களை) ஒட்டிக் கிணறோ போரோ வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டிய கருவிதான். உப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும். தண்ணீரைக் குடிக்கலாமா என்று சொல்லாது.

இது அளப்பது மின்கடத்தும் திறனை மட்டுமே. அதை 0.5 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி பி.பி.எம். (ஏறத்தாழ லிட்டருக்கு மில்லிகிராம்) ஆக்கிக் காட்டுகிறது. சாயக் கழிவில் சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் மிகுதி என்பதால் சப்பைத் தண்ணியை (உப்புத் தண்ணீரை) உடனே பிடித்துவிடும். குரோமியம் அப்படியல்ல. குடிநீரில் அதற்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், மீட்டர் 1,800 பி.பி.எம். காட்டும் தண்ணீரில் அதுபோல் பத்து மடங்கு கலந்திருந்தாலும் திரையில் தெரியாது. தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) கழிவு கொட்டிய இடமென்றால் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் இரண்டு பாட்டில்: மொத்தக் குரோமியத்துக்கு நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கியது ஒன்று. குரோமியத்தில் நச்சு மிகுந்த ஹெக்சாவேலன்ட் வகைக்கு அமிலமே விடாமல், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்ப்பது இன்னொன்று. ஒரே பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் காசுதான் வீண்.

மீட்டரில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் திரை. மூன்று இலக்கம்தான்; ஓரத்தில் ×10 தெரிந்தால் 240 என்பது 2,400. குடிநீருக்கு 500 பி.பி.எம்., வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 என்பது இந்தியத் தர வரம்பு. ஒரு பூஜ்யம் தவறினால் கெட்ட கிணறு நல்ல கிணறாகிவிடும்.

போர் மோட்டாரை ஓடவிட்டு, அடுத்தடுத்து மூன்று அளவு ஒத்து வந்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பின் கிணற்றில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கும், உப்புத் தண்ணீர் அடியில் நிற்கும். மேல்மட்டத்தில் மொண்டு அளந்து "சுத்தமாகிவிட்டது" என்பது ஆபத்து. கல் கட்டிய பாட்டிலை அடிவரை இறக்கி எடுங்கள்.

சேற்றை அள்ளிய பின் மண்ணுக்கும் இதே மீட்டர் உதவும். உலர்ந்த மண் 20 கிராம், டிஸ்டில்டு வாட்டர் 100 மில்லி. நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு அளக்க வேண்டும். கழிவு படாத பக்கத்துக் காட்டு மண்ணையும் அதே விகிதத்தில் கரைத்து ஒப்பிடுங்கள். மேல்மண் ஒத்துப்போய் இரண்டடி ஆழத்து மண் எகிறினால், அள்ளியது போதவில்லை, உப்பு கீழே இறங்கியிருக்கிறது.

மாதம் ஒருமுறை 1413 மைக்ரோசீமன்ஸ் (மின்கடத்தும் திறனின் அலகு) என்று குறித்த சரிபார்ப்புக் கரைசலில் முக்கிப் பாருங்கள். 0.5 வகை மீட்டர் 707-ஐ ஒட்டிக் காட்டாவிட்டால் பின்பக்கத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். திருகோ பட்டனோ இல்லாத மாடலை வாங்காதீர்கள்.