பழைய நூலைப் படமெடுக்கும் புதுச்சேரிச் சேவை: புத்தகத்துக்குச் சரி, சுவடிக்கு யோசியுங்கள்

கேமரா, ஸ்டாண்ட், லைட் எல்லாவற்றையும் நூலகத்துக்கே கொண்டுவந்து படமெடுத்துத் தருகிறார்கள். 19ஆம் நூற்றாண்டு அச்சு நூல்களில் வேலை சுத்தம். தாள் நொறுங்கும் புத்தகத்தை முழுக்க விரித்து அழுத்துவதில்லை; வி வடிவத் தொட்டிலில் பாதி திறந்து சாய்த்து வைக்கிறார்கள். இரு பக்கமும் 45 பாகையில் எல்இடி லைட், முதல் படத்தில் நிறம் சரிபார்க்கும் கலர் சார்ட்டும் அளவுகோலும். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அமுக்கும் கடைகளைப் பார்த்தவர்கள் இதற்கே கூடுதல் கூலி தருவார்கள்.

ஓலைச்சுவடியில்தான் சறுக்கல். அவர்களுடைய 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் நீளம் 6000 பிக்சல். 45 செ.மீ. ஏட்டை ஒரே ஃப்ரேமில் அடக்கினால் அங்குலத்துக்கு 340 பிக்சல்கூடத் தேறாது. 400க்குக் குறையக் கூடாது. பழைய ஏட்டில் மெய்க்குப் பெரும்பாலும் புள்ளி இராது, துணைக்காலும் (ா) ரகரமும் (ர) ஒன்றுபோல் இருக்கும். படமும் மங்கினால் படிப்பவர் பாடு திண்டாட்டம்தான். 45 மெகாபிக்சல் கேமரா கேளுங்கள். இல்லையென்றால் நடுவில் 3 செ.மீ. இரண்டிலும் வரும்படி இரண்டு படமாக எடுக்கச் சொல்லுங்கள்.

மை ஏறாத ஏட்டுக்குப் புல்தைலமும் விளக்குக்கரியும் பூசித் தருகிறார்கள். பூசிய சூட்டோடு படமெடுப்பதால் எண்ணெய்ப் பளபளப்பில் எழுத்து வெளுத்துவிடுகிறது. காயவிட வேண்டும். மை பூசவே கூடாத ஏடென்றால் ஒரு லைட்டை அணைத்து, மற்றதை ஏட்டின் மட்டத்துக்கு இறக்கினால் போதும், எழுத்தாணிக் கீறலில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கேட்டால்தான் செய்கிறார்கள்.

பெரிய குறை, ஏடுகளின் வரிசை. கயிற்றை உருவியபின் ஏட்டின் ஓரத்து எண்தான் வழிகாட்டி. படமெடுப்பவருக்கு ௩, ௭, ௰ தெரியவில்லை. யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் 2005இல் ஏறிய சைவச் சுவடிகள் இருக்கிற ஊரில் இப்படி! தமிழ் எண் படிக்கத் தெரிந்த ஒருவரை நூலகமே பக்கத்தில் உட்காரவைப்பது நல்லது. எழுதாத ஏட்டையும் விடாமல் எடுக்க வேண்டும். விட்டால் பின்னால் ஏடு தொலைந்ததா, வெற்றேடா என்று சொல்ல முடியாது.

கேட்காவிட்டால் ஜேபெக் மட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். படத்தின் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பும் கேளுங்கள். 45 மெகாபிக்சலில் 8 பிட் டிஃப் ஒன்று சுமார் 136 எம்பி. 100 ஏட்டுக் கட்டு, இரு பக்கமும் சேர்த்து 27 ஜிபி. ஹார்டு டிஸ்க் இரண்டு வேண்டும், இரண்டையும் ஒரே பீரோவில் வைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலையை வைக்க வேண்டாம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸில் நீர் படிந்து, காலையில் எடுத்த படங்கள் பனி மூடினாற்போல் வரும். மீதிப் பணம் தருமுன் பத்துக்கு ஒரு படத்தை நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள்.