தடிப்பைப் பார்த்து எச்.ஐ.வி பயமா? பாமசி, லாப், கிளினிக்: எங்கே போவது

உடம்பில் சிவப்புச் சிவப்பாக ஏதோ கிளம்பியிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு முன் நடந்த ஒரு விஷயம் மனதில் கிடக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு நித்திரை வராது. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தில் இப்படி இருப்பவர் தேடும் வழிகள் எனக்குத் தெரிந்து ஆறு: கூகுள் படம், பாமசிக் கிறீம், இரத்ததான முகாம், தனியார் லாப், வாயில் தடவிப் பார்க்கும் கிட், அரசாங்கத்தின் பாலியல் நோய்க் கிளினிக் (எஸ்.டி.டி கிளினிக்). எல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் தருவது போலத் தெரியும். தருவதில்லை.

கூகுளை முதலில் தள்ளிவைப்போம். எச்.ஐ.வி தொற்றி 2 முதல் 4 கிழமைக்குள் சிலருக்குத் தடிப்பு வருவது உண்மைதான். நெஞ்சு, முதுகு, முகத்தில் வரும். பெரும்பாலும் பெரிதாகக் கடிக்காது. காய்ச்சல், தொண்டை நோ, கழுத்தில் நெறி கட்டுதல், வாய்ப்புண் என்று கூட்டாளிகளும் இருப்பார்கள். ஓரிரு கிழமையில் தானாகவே மறைந்துவிடும். ஆனால் இதே வர்ணனை டெங்குவுக்கும் சிக்குன்குன்யாவுக்கும் மருந்து ஒவ்வாமைக்கும் பொருந்தும். மாரி மழை பெய்து நுளம்பு பெருகும் மாதங்களில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் முதலில் டெங்குவுக்குத்தான் இரத்தம் பார்க்க வேண்டும். எச்.ஐ.வியைப் பார்க்க நாள் இருக்கிறது, டெங்குவுக்கு இல்லை.

மறுபக்கம், பயந்து வருபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் வேறு சாமான். விளிம்பு சிவந்து வட்டமாகப் படர்ந்தால் படர்தாமரை. இரவில் விரலிடுக்கு கடித்து, வீட்டில் தம்பிக்கும் கடித்தால் சொறி. எழும்பிய இடம் சில மணித்தியாலத்தில் மறைந்து வேறிடத்தில் எழும்பினால் காணாக்கடி. முந்தாநாள் நடந்ததற்கு இன்று தடிப்பு வந்தால் அது எச்.ஐ.வி அல்ல, அந்தக் கிருமி அவ்வளவு அவசரப்படாது.

ஆனால் முந்தாநாள் என்பதற்கு வேறொரு பெறுமதி உண்டு. ஆபத்தான தொடர்பு (ஆணுறை இல்லாத உறவு போல) நடந்து 72 மணித்தியாலம் தாண்டாவிட்டால், தொற்றைத் தடுக்க 28 நாள் குடிக்கும் மருந்து இருக்கிறது. தோலைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரமல்ல அது. கிளினிக் பூட்டியிருக்கும் நாளென்றால் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

இனிப் பாமசி. உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி, எங்க கடிக்குது?"

"தொடைப் பக்கம் அண்ணன்."

"கிறீம் ஒண்டு தாறன், பூசிப் பாருங்க."

அண்ணனைக் குறை சொல்லவில்லை, அவருக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். கையில் வருவது பல வேளைகளில் ஸ்டீரொய்டும் பூஞ்சை மருந்தும் அன்டிபயோட்டிக்கும் கலந்த டியூப். மூன்று நாளில் சிவப்பு அடங்கிவிடும், ஆள் நிம்மதியாகிவிடுவார். படர்தாமரையென்றால் ஸ்டீரொய்டு அதை அமுக்கிவைத்து, நிறுத்தியதும் அகலமாகத் திருப்பி அனுப்பும். இந்த முறை வட்டமும் தெரியாது, வைத்தியருக்கே அடையாளம் குழம்பும். அதைக் கண்டு "கிறீமுக்கும் மாறவில்லையே" என்று எச்.ஐ.வி பயம் இரட்டிப்பாகும். ஆறு வழிகளில் பயத்தைக் கூட்டுவதில் முதலிடம் இதற்குத்தான்.

இரத்ததான முகாமில் போய்ப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். கொடுக்கிற இரத்தத்தில் எச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ், சிபிலிஸ் என்ற பாலியல் நோய் எல்லாம் பார்ப்பார்கள் என்பதால் இலவசமாக, யாருக்கும் தெரியாமல் விஷயம் முடியும் என்ற கணக்கு. இது சரியில்லை. தொற்றின் முதல் நாட்களில் சோதனையில் பிடிபடாத இரத்தம் இன்னொருவருக்கு ஏறக்கூடும். சந்தேகம் உள்ளவர் இரத்தம் கொடுக்கவே கூடாது. கட்டார் போக எடுத்த மெடிக்கலில் 'கிளியர்' வந்தது என்று ஆறுதல்படுவதும் கிட்டத்தட்ட இந்த ரகம்தான்: அந்த மெடிக்கலுக்கு முந்திய காலத்தைப் பற்றித்தான் அது பேசும்.

உண்மையான போட்டி தனியார் லாபுக்கும் கிளினிக்குக்கும்தான். லாபின் பலம் வேகம். கடிதம் வேண்டாம், கேள்வி இல்லை, காசைக் கட்டினால் ரிப்போட். ஆனால் கேள்வி கேட்காததே அதன் குறையும். கிருமியின் துண்டையும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் அன்டிபொடியையும் சேர்த்துப் பார்க்கும் நாலாம் தலைமுறைச் சோதனையா, அன்டிபொடி மட்டும் பார்ப்பதா என்று நீங்களாகக் கேட்டால்தான் சொல்வார்கள். நாளத்தில் எடுத்த இரத்தத்தில் செய்யும் நாலாம் தலைமுறைச் சோதனை, தொடர்பு நடந்து 45 நாள் கழித்து நெகட்டிவ் என்றால் நம்பலாம். அன்டிபொடி மட்டும் பார்ப்பதென்றால் 90 நாள். சிக்கல் இங்கேதான்: எச்.ஐ.வித் தடிப்பு வருவதே 2 முதல் 4 கிழமையில். தடிப்போடு ஓடிப்போய் அன்றே எடுக்கும் நெகட்டிவ் பாதிப் பதில், 45 நாளில் திரும்ப எடுக்க வேண்டும். இதை லாப் கவுண்டரில் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. பொசிட்டிவ் வந்தாலும் அது முதற்கட்டச் சோதனைதான். உறுதி செய்ய எப்படியும் கிளினிக்குக்குத்தான் அனுப்புவார்கள்.

வாயில் தடவும் கிட்டும் அன்டிபொடியைத்தான் தேடுகிறது, ஆகவே அதே 90 நாள். வெளியே போக முடியாதவருக்கு ஒன்றும் இல்லாததற்கு அது பரவாயில்லை.

என் வாக்கு கிளினிக்குக்கு. இலவசம், கடிதம் தேவையில்லை, விஷயம் வெளியே போகாது என்பவை எல்லோரும் சொல்லும் காரணங்கள். எனக்குப் பெரிதாகப் படுவது சிபிலிஸ். அதன் இரண்டாம் கட்டத்தில் வரும் தடிப்பும் கடிக்காது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். எச்.ஐ.வி ஒன்றையே நினைத்துக்கொண்டு லாபுக்குப் போனவர் நெகட்டிவ் ரிப்போட்டோடு வீட்டுக்கு வந்து, பென்சிலின் ஊசியில் மாறக்கூடிய நோயை வைத்துக்கொண்டிருப்பார். கிளினிக்கில் இரண்டையும் பார்ப்பார்கள், தோலையும் பார்ப்பார்கள், எந்தத் திகதியில் திரும்ப வரவேண்டும் என்றும் சொல்லி அனுப்புவார்கள். எச்.ஐ.வியே என்றாலும் மருந்து அங்கேயே இலவசம். ஒழுங்காகக் குடித்து இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கினால் உறவின் மூலம் துணைக்குத் தொற்றாது.

இவ்வளவு இருந்தும் சனம் லாபுக்குப் போவது ஏன் என்று தெரியாதா? மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வாசலில் கால் வைத்தால் மாமி ஒருவர் பழங்கூடையோடு எதிரே வருவார்: "என்ன மகன், யாருக்கு வருத்தம்?" அதற்குப் பதில் தேடியே பலர் திரும்பிவிடுகிறார்கள். இதற்கு ஒரு சுற்று வழி உண்டு. உங்கள் ஊர்க் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்று சட்டமில்லை. கல்லடிக்காரர் கல்முனைக்கோ அம்பாறைக்கோ பஸ் ஏறலாம், அக்கரைப்பற்றுக்காரர் மட்டக்களப்புக்கு வரலாம். ஒவ்வொரு இடத்திலும் நாளும் நேரமும் வேறுபடும் என்பதால், அந்த வைத்தியசாலைக்கு முதலில் போன் அடித்து எஸ்.டி.டி கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். கேட்பதற்குப் பெயர் சொல்லத் தேவையில்லை.