மிச்சிகன் 1900, மிச்சிகன் 1901: எந்த அணி சிறந்தது?

அமெரிக்கக் கால்பந்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி 1900இல் மோசமில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியில் ஆடிய லாங்டன் லீ பயிற்சியாளர். 7 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். அயோவாவிடம் 28-5 என்று வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் உறுத்தல்.

1901இல் ஃபீல்டிங் யோஸ்ட் பயிற்சியாளராக வந்தார். 11 ஆட்டங்களில் 550 புள்ளிகள். எதிரணிகள் எடுத்தது பூஜ்யம்! எதிராளி எழுந்து நிற்பதற்குள் அடுத்த நகர்வைத் தொடங்கிவிடுவது அவர் பாணி. டச்டவுனுக்கு (பந்தை எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதற்கு) 5 புள்ளிதான் கிடைத்த அந்தக் காலத்தில் பஃபலோ அணியை 128-0 என்று துவைத்தெடுத்தார்கள். 1902 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பசடேனாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியுடன் ஆட்டம். 49-0 ஆனதும், நேரம் மிச்சமிருக்கும்போதே ஸ்டான்ஃபோர்டு போதும் என்றது. முந்தைய ஆண்டு யோஸ்ட் பயிற்சி தந்தது அதே ஸ்டான்ஃபோர்டுக்குத்தான். பழைய மாணவர்தான் பயிற்சியாளராகலாம் என்ற விதியால் அவரை இழந்திருந்தார்கள்.

என் ஓட்டு 1901க்கே. ஆனால் பசடேனாவில் 5 டச்டவுன் அடித்த நீல் ஸ்னோ, லீயின் அணியிலும் ஆடியவர்.