வாசல் கேமராவை வயர் எட்டுகிற இடத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள்

வீட்டுக்கு சிசிடிவி போடப்போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக, ஊரில் அப்பா அம்மா தனியாக இருக்கிறார்கள், நாம் வெளியூரிலிருந்து போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள்.

தஞ்சாவூரில் எங்களுடையது தனி வீடு, கிழக்குப் பார்த்த வாசல். நான்கு கேமரா, படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி, அதற்குள் ஹார்ட் டிஸ்க், வயரிங், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 22,500 ரூபாய்க்கு உள்ளூர்க் கடை ஒன்றில் பேசி முடித்தோம். "வாசலுக்கு வர்றவங்க முகம் கண்ணாடி மாதிரி தெரியும் சார்" என்று கடைக்காரர் உறுதி சொன்னார். அவர் கொடுத்த கொட்டேஷனில் கேமரா எத்தனை, வயர் எத்தனை மீட்டர் என்றெல்லாம் இருந்தது. எந்த கேமரா எங்கே, எவ்வளவு உயரத்தில் என்று ஒரு வரிகூட இல்லை. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

மாட்ட வந்த பையன், வாசல் சன்ஷேடுக்கு மேலே, தரையிலிருந்து 12 அடி உயரத்தில் கேமராவை மாட்டினான். கேபிள் டிவிக்காக எப்போதோ போட்ட ஓட்டை அங்கே இருந்தது. புதிதாக டிரில் போட வேண்டாம், வயரும் மிச்சம். அப்பா கீழே நின்று, "தம்பி, இவ்வளவு மேலே வச்சா முகம் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். "ஐயா, உயரத்துல இருந்தாத்தான் யாரும் கை வைக்க முடியாது. எல்லா வீட்லயும் இப்படித்தான்" என்று பதில். எழுபது வயதைத் தாண்டியவரிடம் இப்படி அடித்துச் சொன்னால் அவர் வேறு என்ன பேசுவார்?

சில மாதம் கழித்து ஓர் இரவில், சம்ப் பக்கத்தில் இருந்த அரை ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவு இருக்கிறதே என்று அம்மா தைரியமாகத்தான் இருந்தார். போட்டுப் பார்த்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. மேலே இருட்டில் ஓர் ஆள், அவன் உச்சந்தலை, தோள், கை. வந்த போலீஸ்காரர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல முகம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். போதாததற்கு டி.வி.ஆரில் தேதியும் நேரமும் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் அதை செட் பண்ணவே இல்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கேமரா நல்லாத்தானே ஓடுது சார். திருடன் நிமிர்ந்து பார்க்கலைன்னா நாங்க என்ன பண்றது?" என்றார். இடம் மாற்ற வேண்டுமானால் தனியாக 1,800 ரூபாய் ஆகுமாம். இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஆள் முகம் ஏன் தெரியவில்லை என்பதற்கான காரணம் முழுக்க மாட்டிய இடத்தில்தான் இருக்கிறது.

கேமரா 12 அடியில். நின்றவன் சுவரிலிருந்து நாலடி தள்ளி. ஓர் ஆளின் முகம் ஐந்தேகால் அடி உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், கேமரா கிட்டத்தட்ட 60 டிகிரி சரிவில் கீழே பார்க்கிறது. எவ்வளவு விலை உயர்ந்த கேமராவானாலும் அந்தக் கோணத்தில் தலைமுடிதான் தெரியும். அதே ஆளை ஏழரை அடி உயரத்திலிருந்து ஆறடி தள்ளிப் பார்த்தால் சரிவு 20 டிகிரிதான்; தொப்பி போட்டிருந்தால்கூட மூக்கும் வாயும் கிடைக்கும். இன்னொன்று, சன்ஷேடுக்கு மேலே மாட்டியதால் வாசற்படியையே சன்ஷேட் மறைத்துவிட்டது. கதவருகே நின்று பெல் அடிப்பவர் படத்திலேயே இல்லை!

அந்த வெள்ளைக்குக் காரணம், கேமராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். இருட்டியதும் அவை எரியும், அந்த ஒளி நம் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. பக்கத்திலேயே சுண்ணாம்பு அடித்த சன்ஷேட் இருந்தால் அந்த ஒளி பட்டுத் திரும்பி லென்ஸில் விழுகிறது. கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு தானாகவே படத்தை மங்கவைக்கும். அதனால் தொலைவில் இருப்பதெல்லாம் கறுப்பாகிவிடும். சிலந்தி வலை கட்டினாலும் இதே கதிதான். பகலில் வேறு தொல்லை. கிழக்கே பார்த்த கேமராவுக்குக் காலை வெயில் நேர் எதிரே. வருகிறவர் பால்காரரா வேறு ஆளா என்று தெரியாமல் கறுப்பு உருவமாக நிற்பார்.

அப்புறம் லென்ஸ். பெரும்பாலும் 2.8 எம்.எம். லென்ஸைத்தான் கொடுக்கிறார்கள், அகலமாகத் தெரியும் என்பதற்காக. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் புள்ளிகள், வேண்டும் என்று ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநெறியின் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்கிறது. 2 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் இருப்பது 1,920 பிக்சல். 2.8 எம்.எம். லென்ஸில் இந்தக் கணக்கு ஏறக்குறைய 10 அடி வரைதான் தாங்கும். எங்கள் கேட் இருப்பது 20 அடியில். அங்கே ஒரு முகத்துக்குக் கிடைப்பது அகலவாக்கில் 20 பிக்சல் அளவுதான். போனில் விரலால் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியுமே தவிர முகம் வராது.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர், பக்கத்து வீட்டுக்காரர் அழைத்துவந்த வேறொரு ஃபிட்டர். அவர் டிரில்லை எடுக்கவே இல்லை முதலில். கேமராவுக்குத் தற்காலிகமாகக் கரண்ட் கொடுத்து, கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவை வாசலில் நிற்கச் சொல்லி, படத்தை அம்மாவிடம் காட்டினார். பொழுது சாய்ந்ததும் மறுபடி ஒரு தடவை. அதன் பிறகுதான் சுவரில் கை வைத்தார். இப்போது வாசல் கேமரா சன்ஷேடுக்குக் கீழே, தெற்குப் பக்கச் சுவரில், ஏழரை அடியில், வாசலைக் குறுக்காகப் பார்க்கிறது. சூரியன் நேரே விழாது, பக்கச் சுவரும் படத்தில் வராது. கை எட்டும் உயரம் என்பதால், அடித்தாலும் எளிதில் உடையாத, கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் வகை. பழைய கேமரா மேலேயே இருக்கட்டும், முற்றம் முழுவதையும் பார்க்க அது உதவும் என்றார். கேட்டுக்கு மட்டும், அகலம் குறைந்தாலும் தொலைவில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 6 எம்.எம். லென்ஸ் கேமரா ஒன்று. வாசலில் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை இரவு முழுக்க எரியவிடச் சொன்னார். முகம் இப்போது இரவிலும் கலரில் தெரிகிறது.

அவர் கண்டுபிடித்த இன்னொரு விஷயம்தான் என்னை உறையவைத்தது. எங்கள் டி.வி.ஆர். முதல் ஃபிட்டருடைய செயலிக் கணக்கில்தான் பதிவாகி இருந்தது. நமக்கு 'ஷேர்' மட்டும் பண்ணியிருக்கிறான். அதாவது எங்கள் வாசலில் யார் வருகிறார், போகிறார், வீடு எப்போது பூட்டியிருக்கிறது என்பதையெல்லாம் அவன் தன் போனில் பார்க்க முடியும். பாஸ்வேர்டும் கம்பெனியில் போட்டுக் கொடுத்ததே. 2016-இல் மிராய் என்ற தீநிரல் (மால்வேர்) உலகம் முழுவதும் கேமராக்களையும் டி.வி.ஆர்களையும் கைப்பற்றியது இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகள் வழியாகத்தான். உங்கள் வீட்டில் கேமரா இருந்தால் இன்றைக்கே செயலியைத் திறந்து, உரிமையாளர் யார் என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால் மாட்டியவரைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள்.

டி.வி.ஆரை வாசலை ஒட்டிய டிவி ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். உள்ளே வருகிறவன் முதலில் அதைத்தான் தூக்குவான். இப்போது அது பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு. ஹார்ட் டிஸ்க் புதியது என்றுதான் பில். அதன் சீரியல் நம்பரைத் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. பழையதைத் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த கேமரா, எந்தச் சுவர், எத்தனை அடி, எந்த லென்ஸ், அதில் யார் முகம் எந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியை இரவுப் படம் பார்த்த பிறகே கொடுங்கள். எதிர்வீட்டு வாசல் படத்தில் விழுந்தால் கோணத்தை மாற்றச் சொல்லுங்கள், அல்லது பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியை மறைக்கச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

பில் இருந்ததால்தான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் என்னால் புகார் பதிய முடிந்தது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. புகார் போன பிறகு கடைக்காரர் அவராகவே கூப்பிட்டு, 3,000 ரூபாய் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். புது ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும், சொன்னபடி மாட்டாததற்கு ஃபிட்டிங் கூலி முழுவதும் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. ஆணையத்துக்கான மனுவை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன்.