'எல்லா போனிலும் ஓடும்' என்று மெயில் சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் ஜாக்கிரதை

மும்பையில் கிளியரிங், ஃபார்வர்டிங் (சரக்கை கஸ்டம்ஸில் விடுவித்து அனுப்பும்) தொழிலில் இருக்கும் நம்மவர்கள் இதை அவசியம் படியுங்கள். ஆபீஸ் மெயில் எந்த போனிலும் உடனுக்குடன் வரும் என்று சொல்லி எங்கள் தலையில் ஒரு சாஃப்ட்வேரைக் கட்டிவிட்டார் ஒருவர். திருநெல்வேலிக்காரர். "அண்ணாச்சி, பிளாக்பெர்ரி காலத்துலேர்ந்து எனக்கு இதுதான் தொழில்" என்று ஆரம்பித்தால் நம்மில் பாதிப் பேர் அங்கேயே சாய்ந்துவிடுவோம்.

எங்கள் தேவை நிஜமானது. மெயில் சாதாரண ஹோஸ்டிங் சர்வரில் இருக்கிறது. ஐபோனோடு வரும் மெயில் ஆப் அந்த மாதிரிக் கணக்கைப் பின்னணியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்க்கும். நாவா ஷேவா துறைமுகத்தில் நிற்கும் எங்கள் பையன்களிடமோ ஆளுக்கொரு போன். இவர் லேப்டாப்பில் மெயிலைத் தட்டினார். கையிலிருந்த புது ஐபோன் அடுத்த நொடி கிணுகிணுத்தது. போனுக்கு வருடம் 1,800 ரூபாய், மொத்தமும் அட்வான்ஸ்.

பையன்களின் ஆண்ட்ராய்டு போனில் கதையே வேறு. ஷிப்பிங் லைன் சாயங்காலம் அனுப்பிய திருத்திய இன்வாய்ஸ், மறுநாள் காலை சிஎஃப்எஸ் (கன்டெய்னர் கிடங்கு) கேட்டில் நின்று ஆப்பைத் திறந்த பிறகு, ராத்திரி மெயில்கள் எல்லாவற்றோடும் மொத்தமாக வந்து விழுந்தது. சரக்கை எடுக்க ஷிப்பிங் லைன் தரும் டெலிவரி ஆர்டர் தள்ளிப்போய், கன்டெய்னரைக் கட்டணமில்லாமல் வைத்திருக்கும் ஃப்ரீ டேஸ் முடிந்து, டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டி அதை எங்கள் பில்லில் கழித்துக்கொண்டார்.

பேட்டரியை மிச்சம் பிடிக்க, பின்னணியில் ஓடும் ஆப்பை போனே நிறுத்திவிடும். ஷாவ்மி, விவோ மாதிரி போன்களில் ஆப் தானாக ஓட விடும் 'ஆட்டோஸ்டார்ட்' அனுமதியை நாமே போய் ஆன் செய்ய வேண்டும். இத்தனை வருடம் இதே தொழில் என்கிறவருக்கு இது தெரியாதா? கேட்டால், "அது போன் பிரச்சினை அண்ணாச்சி, எங்க சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்ல."

இதைக்கூட விடலாம். வேலையை விட்டுப்போன ஒரு பையனின் போனிலிருந்து ஆபீஸ் மெயிலை மட்டும் எடுக்கச் சொன்னோம். அவர்கள் அமுக்கிய பட்டனில் போன் முழுக்கத் துடைத்துப்போய், கடையில் வாங்கிய நாள் மாதிரி "வெல்கம்" என்று நின்றது. குழந்தையின் போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அது அவன் சொந்தப் பணத்தில் வாங்கிய போன். ஆப் போடும்போதே 'டிவைஸ் அட்மின்' அனுமதி கேட்டு வாங்கிவிடுகிறார்கள். எல்லாத் தரவையும் அழிக்கும் உரிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆண்ட்ராய்டில் 'வொர்க் ப்ரொஃபைல்' என்று தனி அறை போட்டு, ஆபீஸ் சமாச்சாரத்தை மட்டும் அழிக்க வழி இருக்கிறது. இவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மெயில் பாஸ்வேர்டும் அவர்கள் சர்வரில்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்துதான் மெயிலை எடுத்து போனுக்குத் தள்ளுகிறார்கள். வெறும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும் இந்த முறையை மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் 2022 அக்டோபரிலிருந்தே மூட ஆரம்பித்துவிட்டது. நாங்கள் எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம்.

பணம் திரும்பவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோரே இல்லை. சுயதொழிலில் பிழைப்பவருக்கு மட்டும் விலக்கு. பில்லிலும் "சாஃப்ட்வேர் ஆண்டுக் கட்டணம்" என்றுதான் இருக்கிறது, எல்லா போனிலும் ஓடும் என்ற பேச்சே கிடையாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த வரியை எழுத்தில் வாங்குங்கள். ஆபீஸிலேயே விலை குறைந்த போனில் போட்டு, லாக் செய்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆள் இப்போது வாஷி பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. சாஃப்ட்வேருக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறாராம்.