மருத்துவப் பொருளாதாரப் பயிலரங்கம்: ஒரு மருந்தாளரின் மதிப்பீடு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடந்த இரண்டு நாள் மருத்துவப் பொருளாதார மதிப்பீட்டுப் பயிலரங்கிற்கு 400 ரிங்கிட் கட்டிச் சென்றேன். முதல் நாள் வகுப்புக்கே அந்தப் பணம் தகும்.

யார்க் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆலன் வில்லியம்ஸின் பணியிலிருந்து பேராசிரியர் தொடங்கினார். இதயப் புறவழி அறுவை சிகிச்சையின் செலவையும் அதனால் நோயாளி பெறும் நலமான வாழ்நாளையும் ஒப்பிட்டு வில்லியம்ஸ் 1985இல் வெளியிட்ட ஆய்வு, கடுமையான நெஞ்சுவலி உள்ளவர்களுக்கே அது செலவுக்கேற்ற பலனை அதிகம் தருகிறது என்று காட்டியது. பத்து ஆண்டுகள் பாதி நலத்தோடு வாழ்வது, முழு நலத்தோடு ஐந்து ஆண்டுகள் வாழ்வதற்குச் சமம் என்பது இக்கணக்கின் அடிப்படை. டயாலிசிஸில் கழிந்த என் அப்பாவின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வர, அந்தப் ‘பாதி’யை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்டேன். நடமாட்டம், தன்னைப் பராமரித்தல், அன்றாட வேலை, வலி, மனக்கலக்கம் ஆகிய ஐந்து கூறுகளில் நோயாளியின் நிலையைக் கேட்டறிந்து, அந்நிலைக்குப் பொதுமக்கள் தரும் மதிப்பைக் கொண்டு எண்ணைக் கணக்கிடும் முறையை அவர் அரை மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் அவசரத்தில் கழிந்தது. நோயாளிகள் காலப்போக்கில் ஒரு நோய்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வாய்ப்பைக் கணக்கிடும் மார்க்கோவ் மாதிரியைக் கணினியில் அமைக்கும் பயிற்சி பாதியிலேயே நின்றது. முழு நலத்தோடு கூடிய ஓர் ஆண்டு வாழ்வைத் தரும் சிகிச்சைக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு இங்கிலாந்து நெடுங்காலம் கையாண்ட 20,000 முதல் 30,000 பவுண்டு வரையிலான வரம்பைப் பற்றி விரிவாகப் பேசியவர்கள், 1995 முதல் இயங்கிவரும் நம் சுகாதார அமைச்சின் தொழில்நுட்ப மதிப்பீட்டுப் பிரிவின் ஓர் அறிக்கையையாவது எடுத்துக் காட்டியிருக்க வேண்டும். செல்பவர்கள் மடிக்கணினியைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள்.